தண்டால் எடுக்கிற பூச்சி

பார்த்து வாருங்கள் மேடம், அந்தக் கல் ஆடும். பார்வைக்கு ஆடாது, காலை வைத்தால்தான் ஆடும், எங்கள் பி.டி. சார் கட்டியிருக்கிற பல் செட் மாதிரி. சாக்ஸை பேண்ட்டுக்கு மேலே இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். மூக்குப்பொடி தடவினீர்களா? இல்லையா? சரி, அட்டைகளுக்கு இன்றைக்கு விருந்துதான். கோயம்புத்தூர் ரத்தம் குடித்து ரொம்ப நாளாயிற்று அதுகளுக்கு. வலையையும் ட்ரேயையும் என்னிடமே கொடுங்கள். உங்களுக்கு முன்னால் ஓடையைப் பரிசோதிக்க வந்துகொண்டிருந்த மிருதுளா அக்கா இருந்தபோதும் நான்தான் தூக்குவேன்.

என் பெயர் டைட்டஸ். பிளஸ் ஒன். ஹெச்.எம். சொல்லியிருப்பார். "பையன் நல்லவன்தாம்மா, ஆனா வாய்... அந்த வாய மட்டும்..." என்று சொல்லிவிட்டு மூக்கை இப்படி உறிஞ்சியிருப்பாரே? பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள்! அவரேதான் இல்லையா?

எனக்கு எல்லார் குரலும் வரும் மேடம். குரல் உடைவதற்கு முன்னால் பொம்பளைக் குரலும் ஆட்டுக்குட்டியும்தான் வந்தது. போன வருஷம் உடைந்தது பாருங்கள், அதற்கப்புறம் பெரிய பெரிய ஆம்பளைகளெல்லாம் தொண்டைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் வந்த பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் ஒருத்தர் இருக்கிறாரே, "வளைவுல எந்திரிக்காத, வாந்தி வந்தா சன்னலு, சண்ட வந்தா எறங்கிக்க!" அவர் வருவார். பூசை வைக்கிற ஃபாதர் வருவார். இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேனே, இதுகூட பேச்சுப்போட்டிக் குரல்தான். மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு. விருந்தாளி வந்தால் இந்தக் குரலைத்தான் எடுப்பேன். என் சொந்தக் குரலா? அது எதற்கு மேடம்? அதைக் கேட்டு யார் சிரிப்பார்கள்?

ஆனால் வீட்டில் இப்போது ஒரு குரலும் எடுக்கக்கூடாது. அம்மா போட்ட தடை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். முன்பெல்லாம் திருப்பூரில் இருக்கிற அப்பா மாதிரி வாசலில் நின்று, "ஞானம், தண்ணி கொண்டா, பஸ்ஸுல கசங்கிட்டேன்" என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது சொன்னால், "போடா அங்கிட்டு" என்கிறாள்.

நீங்கள் நாளைக்கு விசாரணைக்குத்தானே வந்திருக்கிறீர்கள்? தெரியும். துரை ஆபீசில் நடக்கப் போகிறது. துரை என்றால் மானேஜர்தான், கருப்பாகத்தான் இருப்பார், ஊர் உடுமலை. எஸ்டேட்டில் மானேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான். அங்கே நிற்கப் போகிற ஞானப்பூ என் அம்மா. நாளைக்கு அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை மிஞ்சும். வேலை மிஞ்சினால் அதோ மேலே தகரக் கூரை தெரிகிறதே, அந்த லைன் வீடு மிஞ்சும். வேலை போனால் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். பிடிவாதம் மேடம். எனக்குத்தான் கோபம் கோபமாக வருகிறது.

இருங்கள், இதுதான் மேல் புள்ளி. இங்கே முதலில் பூச்சி பிடிப்போம். வலையை நீங்கள் பிடியுங்கள், வாய் என்னைப் பார்த்து இருக்கட்டும். நான் மேலே நின்று கல்லை உதைப்பேன். கல்லுக்கு அடியில் இருக்கிறதெல்லாம் பிடி நழுவித் தண்ணீரோடு வந்து உங்கள் வலையில் விழும். உங்களுக்குத் தெரிந்ததுதான், அக்கா எங்களுக்குச் சொன்னதை உங்களுக்கே சொல்கிறேன். "நல்லா ஒதைங்க கண்ணு, கல்லு என்ன அழுகவா போகுது?" அக்கா இப்படித்தான் சொல்வார்.

போதும். ட்ரேயில் கொட்டுங்கள். மெதுவாக. இந்த நிழலில் வைப்போம்.

ஆகா! பாருங்கள், பாருங்கள். வாலை விரித்துக்கொண்டு ஓடுகிறதே, மூன்று வால், அதற்கு நாங்கள் வைத்த பெயர் மூவால். மணலை ஒட்டி ஒட்டிக் குழாய் மாதிரி வீடு கட்டி உள்ளே இருக்கிறது வீடுகட்டி. இந்தத் தட்டைப் பயல், இரண்டு வால், இவன்தான் ரெட்டைவால். பத்து மார்க்! ஒவ்வொரு பூச்சிக்கும் மார்க் உண்டு இல்லையா, சுத்தமான தண்ணீரில் மட்டும் இருக்கிறவனுக்குப் பத்து, சாக்கடையில் விட்டாலும் குடித்தனம் நடத்துகிற சிவப்புப் புழுவுக்கு இரண்டு. எல்லா மார்க்கையும் கூட்டினால் ஓடை பாஸா ஃபெயிலா தெரிந்துவிடும். இதைக் கேட்டதும் எங்கள் வகுப்பே ஓடைக் குழுவில் சேர்ந்துவிட்டது. நம்மைத் தவிர வேறு எதற்காவது மார்க் போடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

நான் பூச்சிகளுக்கெல்லாம் குரல் கொடுத்தேன் மேடம். ரெட்டைவாலுக்குக் கான்வென்ட் சிஸ்டர் குரல்: "நோ, நோ, இந்த வாட்டர்ல நான் இருக்க முடியாது, வேற ரூம் காட்டுங்க." சிவப்புப் புழுவுக்கு டாஸ்மாக் வாசல் குரல்: "எனக்கென்ன மச்சான், எங்க போட்டாலும் கெடப்பேன்." பிள்ளைகள் சேற்றில் உருண்டு சிரித்தார்கள்.

ஒருநாள் ட்ரேயில் ரெட்டைவால் தண்டால் எடுத்தது. நிஜமாகவே. ஆறு காலையும் ஊன்றி உடம்பை மேலே, கீழே, மேலே, கீழே. நான் விடுவேனா? பி.டி. சாராகி நின்றேன். "ஒண்ணு! ரெண்டு! வயித்த உள்ள இழு! நேத்து சாப்பிட்ட பரோட்டா கரையட்டும்!" எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "டைட்டஸு, அது வித்த காட்டலப்பா. ட்ரே தண்ணி சூடாயிருச்சு, மூச்சு முட்டுது அதுக்கு. தண்ணிய அசைச்சு அசைச்சுக் காத்தத் தேடுது" என்று சொல்லிவிட்டு, ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினார். அக்காவுக்கு நகைச்சுவை உணர்ச்சி கொஞ்சம் கம்மிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேயிலையில் கொசு விழும் மேடம். நம்மைக் கடிக்கிற கொசு இல்லை, கொழுந்தைக் கடிக்கிற கொசு. அதற்கு மருந்தடிப்பார்கள். அடிக்கிறது ஆம்பளைகள். தண்ணீர் சுமக்கிறதும் முடிந்த பிறகு கேன் கழுவுகிறதும் பொம்பளைகள். என் அம்மா, பேச்சியக்கா, இன்னும் இரண்டு பேர். முன்பெல்லாம் கேனை இந்த ஓடையிலேயே அலசுவார்கள். சூப்பர்வைசர் மாசிலாமணியே அலசச் சொல்வார். அக்கா வந்து முதல் முறை பார்த்தபோது கீழே சிவப்புப் புழுவைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீர்தான் கீழ் டிவிஷன் வீடுகளின் குடிதண்ணீர்க் குழாய்க்குப் போகிறது. அக்கா துரையிடம் போய்ப் பேசினார். துரைக்குச் சான்றிதழ் ஏதோ வரவேண்டியிருந்தது, வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருவார்கள் என்று. உடனே உத்தரவு: இனிமேல் ஓடையில் கேன் கழுவினால் வேலை கிடையாது. மேலே ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள், அங்கே கொண்டுபோய்த்தான் கழுவ வேண்டும்.

அந்த ஏற்றத்தை வரும்போது பார்த்தீர்கள் இல்லையா? வேலை முடிந்து கேனைச் சுமந்து அதில் ஏற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. பேச்சியக்கா தினமும் திட்டுவாள்: "பூச்சி நல்லாருக்கணுமாம், அதுக்கு நாம மல ஏறணுமாம். பூச்சியாப் பொறந்திருக்கலாம்டி ஞானப்பூ."

ஆனாலும் ஏறினார்கள். ஒருநாளும் தவறவில்லை. கீழ் ஓடைக்கும் உயிர் வந்தது. முதலில் மூவால் வந்தது. அப்புறம் வீடுகட்டி. கடைசியில் ஒரே ஒரு ரெட்டைவால். அன்றைக்கு அக்கா எங்களுக்கெல்லாம் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

மாசிலாமணி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குப்பொடி போடுவார், அதனால் பாதிப் பேச்சு மூக்கில் போய்விடும். ஆரம்பிக்கும்போது ஒரு செருமல், முடிக்கும்போது "வெளங்குதா?" நடுவில் என்ன சொன்னாலும் சரி. அந்தக் குரல் எனக்கு வரவே மாட்டேன் என்றது மேடம். எல்லாரும் வந்தார்கள், அவர் மட்டும் வரவில்லை. தினமும் குளிக்கிற இடத்தில் வாளிக்குள் தலையை விட்டுப் பழகினேன். வந்தது. வந்த பிறகும் யாரிடமும் காட்டவில்லை, அம்மாவிடம்கூட. ஆறப்போட்டு வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் விழாவில் அவரையே முன் வரிசையில் உட்கார வைத்து மேடையில் இறக்க வேண்டும் என்று கணக்கு.

அன்றைக்குச் சனிக்கிழமை. நாங்கள் கீழ்ப் புள்ளியில் இருந்தோம். பூச்சி அள்ளுகிற ஸ்பூன்களை இங்கே மேல் புள்ளியில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். அக்கா என்னை அனுப்பினார். எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், அதோ, அந்தத் தேயிலைச் சரிவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். மருந்தடிப்பு முடிந்து நாலு பேரும் கேன்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, இன்னைக்கு ஏற முடியாதுடி" என்கிறாள்.

ஒரு சின்ன விளையாட்டு மேடம். அவ்வளவுதான். செடிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். செருமினேன்.

"க்ஹூம்! ஏய் ஞானப்பூ, பேச்சி! அங்க என்ன மாநாடா நடக்குது? தொர ஜீப்பு வந்துகிட்டிருக்கு. தொட்டிக்கெல்லாம் போக வேணாம், கேன ஓடையிலயே அலசிட்டு ஓடியாங்க. வெளங்குதா?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "ஏலே டைட்டஸு, நீதானல?" என்று பேச்சியக்கா கத்துவாள், அம்மா மண்ணாங்கட்டியை எடுத்து எறிவாள், சிரிக்கலாம் என்று. எப்போதும் அப்படித்தானே நடக்கும்?

"சரிங்க சார்!" என்றாள் அம்மா.

மேடம், எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னைப் பெற்றவள்! நான் இருமினால் எந்தப் பக்க நெஞ்சில் சளி என்று சொல்வாள், அவளுக்கே தெரியவில்லை! "சரிங்க சார்" என்கிறாள், என்னை! நாலு பேரும் எழுந்து கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினார்கள். அம்மா நொண்டிக்கொண்டே ஓடினாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், கண்ணீர் வந்துவிட்டது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சொன்னால் குட்டு உடைந்துவிடும் இல்லையா? பாராட்டு கிடைக்கும், குரல் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாளிருந்தது.

ஸ்பூனை ஆட்டிக்கொண்டே கீழே ஓடினேன். பிள்ளைகளுக்கு வயிறு குலுங்க ஒரு கதை வைத்திருக்கிறேன் என்று ஓடினேன். அங்கே போனால் எனக்கு முன்னால் அவர்கள் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். "டைட்டஸு, இங்க வந்து பாருடா! ஒதைக்கவே இல்லடா, தானா வருதுடா!"

நிஜம். யாரும் கல்லை உதைக்கவில்லை. வலையைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தண்ணீரோடு மூவால், மூவாலாக வந்து விழுகிறது. வீடுகட்டி வீட்டை விட்டு வெளியே வந்து விழுகிறது. ரெட்டைவால்! கீழே ஒன்றைப் பிடிக்க ஒரு வருஷம் தவம் கிடந்தோம், கொத்தாக வருகிறது. ட்ரே கொள்ளவில்லை. ஒருத்தன் மார்க்கைக் கூட்டிக்கொண்டே போகிறான், குரல் ஏறிக்கொண்டே போகிறது. இதுவரை எந்த முறையும் வராத மார்க். நாங்கள் அக்காவைச் சுற்றி நின்று கத்தினோம்: "அக்கா, சென்டம்! ஓடை சென்டம்!" நான் கலெக்டர் குரலில் பரிசு அறிவித்தேன்.

அக்கா ட்ரேயைப் பார்த்தார். பூச்சியெல்லாம் சுழன்றுகொண்டிருந்தது. மல்லாந்து, கால்களை இழுத்து இழுத்து. ரெட்டைவால் இரண்டு தண்டால் எடுத்தது, மூன்றாவது எடுக்கவில்லை.

"எல்லாரும் தண்ணிய விட்டு வெளிய வாங்க." மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் கத்தினார். "வெளிய வாங்கன்னு சொல்றேன்ல!"

மேலே ஓடினார். நாங்களும் ஓடினோம். இதோ இந்தத் திருப்பத்தில் நாலு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்று கேன் அலசிக்கொண்டிருந்தார்கள். அடியில் மீந்த மருந்தையும் கொட்டியிருந்தார்கள். தண்ணீர் பால் மாதிரி இருந்தது. அக்கா போனை எடுத்துப் படம் பிடித்தார். அம்மா படத்தில் சிரிக்கிறாள் மேடம். போட்டோ எடுக்கிறார்கள் என்று சிரித்திருக்கிறாள்.

மனுஷர் யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ் டிவிஷன் குழாயை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். பூச்சிதான் போச்சு. அடுத்த வாரம் கீழே பிடித்தோம். வீடுகட்டியின் வீடுகள் மட்டும் வந்தது, மணல் மணலாக அழகாக, தட்டினால் உள்ளே ஆளில்லை.

துரை நாலு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். "சூப்பர்வைசரு சொன்னாரு, செஞ்சோம்" என்றார்கள். மாசிலாமணி சாரைக் கூப்பிட்டார்கள். "நான் சொல்லவே இல்ல சார்" என்றார். அவர் அப்போது மேலே ஆள் கணக்கு எடுக்கிற கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டிருந்தாராம். தனியாக! பாவம், பொடி டப்பாதான் சாட்சி.

இதில்தான் எனக்குக் கோபம். நீங்களே சொல்லுங்கள், அவர் சொல்லாத வார்த்தையையா நான் சொன்னேன்? உத்தரவுக்கு முன்னால் எத்தனை நாள் இதையே சொல்லியிருக்கிறார், இதே செருமல், இதே வெளங்குதா? இன்னொரு நாள் கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டால் என்ன? "ஆமா, வாய் தவறிச் சொல்லிட்டேன்" என்றால் அவருக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? பார்க்கிற ஆளிடமெல்லாம், "நான் எப்பய்யா சொன்னேன்?" என்று கேட்கிறார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுகர் மாத்திரை மறதி கொடுக்குமா என்று டிஸ்பென்சரியில் விசாரித்தாராம். "பொழுதன்னைக்கும் சொன்ன வாயி, அன்னைக்கும் சொல்லித் தொலைச்சிருச்சோ என்னமோ..." எப்படி இருக்கிறது? ஒரு மனுஷனுக்கு அவன் குரல் பேரிலேயே சந்தேகம்! என்னை மாதிரி இந்தக் கலையில் யார் மேடம் இருக்கிறார்கள்?

ஆனால் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. என் வாழ்நாளிலேயே உயர்ந்த குரல், கைதட்ட ஒரு ஆள் இல்லை. இப்போது உங்களிடம்தான் முதல் முதலாகச் சொல்கிறேன். நீங்கள் வெளியூர்.

மிருதுளா அக்கா போனதா? அது பஸ் ஸ்டாப்பில் நடந்தது. பேச்சியக்கா மறித்துக்கொண்டாள். "பூச்சி செத்ததப் படம் புடிச்சியே, நாங்க பட்டினி கெடந்தா வந்து படம் புடிப்பியா தாயி?" அக்கா அழுதார். "இல்லீங்க்கா... அப்படி இல்லீங்க்கா..." இப்படி, விக்கி விக்கி. அடுத்த வாரம் வரவில்லை. அந்த அழுகையை நான் வகுப்பில் செய்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. என்ன பிள்ளைகளோ.

பேச்சியக்கா ஒருநாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏலே, நீ எதுவும்..." என்று ஆரம்பித்தாள். அம்மா விட்டாளா? "எம்புள்ளய ஏண்டி இழுக்குற? பூச்சி தண்டால் எடுத்தா அதத் தூக்கிட்டு ஓடைக்கு ஓடுற புள்ள அவன்." அக்கா ஓடியதை நான் ஓடியதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

இப்போது துரை ஒரு வழி சொல்லியிருக்கிறார். "சூப்பர்வைசர் சொல்லல, நாங்களாத்தான் சோம்பேறித்தனத்துல கழுவிட்டோம், தப்புதான்" என்று நாளைக்குச் சொல்லிவிட்டால் கொஞ்ச நாள் சம்பளப் பிடித்தத்தோடு வேலை திரும்பக் கிடைக்கும். மாசிலாமணி பேரில் பழி போட்டுக்கொண்டே இருந்தால், பொய்ப் புகார் என்று வேலையே போய்விடும். மற்ற மூன்று பேரும் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா மட்டும், "காதால கேட்டதக் கேக்கலைன்னு எப்படிச் சொல்றது? வேலைய வேணா எடுத்துக்கட்டும், என் காத எடுக்க முடியாதுல்ல?" என்கிறாள். மாதா மேல் சத்தியம் வேறு பண்ணிவிட்டாள்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அம்மா, ஒரு சாரிதானேம்மா? பொய்னு நெனச்சுக்கிட்டே சொல்லிரு" என்றேன். என்னைப் பார்த்த பார்வை! "நீ கத்துக்கிட்ட படிப்பு இதானாடா?" அன்றிலிருந்துதான் சுவரைப் பார்த்து உட்கார்கிறாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? வீட்டுக்காகத்தானே சொன்னேன்? திருப்பூரில் அப்பா இருக்கிற அறையில் படுத்தால் கால் நீட்ட முடியாது. அங்கே ஓடை கிடையாது. இருக்கிற ஆறும் எந்த நிறம் என்று உங்களுக்குத் தெரியும். சிவப்புப் புழுவோடுதான் நான் குடித்தனம் நடத்த வேண்டும்.

என்ன மேடம் அப்படிப் பார்க்கிறீர்கள்? நம்பவில்லையா? பெற்ற அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா என்கிறீர்களா? போயிற்றே! ஒரு தடவை கேட்டால் நீங்களும் நம்புவீர்கள். காட்டட்டுமா? ஒன்றும் ஆகாது, யாரும் இல்லை இங்கே. வலையை ஓரமாக வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

"க்ஹூம்! ஏய் ஞானப்பூ! அங்க என்ன பண்ணிகிட்டிருக்க? சீக்கிரம் எறங்கி வா. வெளங்குதா?"

எப்படி? மலையில் மோதித் திரும்பியது கேட்டீர்களா? இந்த இடத்தில் எதிரொலி நன்றாக...

இருங்கள். கதவுச் சத்தம்.

குனியுங்கள் மேடம். குனியுங்கள், செடி மறைக்கும். அது எங்கள் வீட்டுக் கதவு. அம்மா வருகிறாள். ஓடி வருகிறாள். இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டே வருகிறாள், வேலைக்குப் போகிறபோது கட்டுகிற சாக்கு, அதன் முடிச்சைக்கூடப் போடவில்லை. அந்தக் காலோடு ஏன் இப்படி ஓடுகிறாள்? மெதுவாக வரக்கூடாதா?

"சார்! இந்தா வந்துட்டேன் சார்!"

சிரிப்பு வரவில்லை உங்களுக்கு? எனக்கும்... இருங்கள், பேசுகிறாள்.

"சார்? எங்க சார் நிக்கிறீங்க? கூப்பிட்டீங்களே, காதுல விழுந்துச்சு சார்... தொரகிட்டச் சொல்லிட்டீங்களா சார்? எனக்குத் தெரியும் சார். எம்புள்ளட்டகூடச் சொன்னேன், மாசிலாமணி சாரு கெட்டவரு இல்லடா, பயப்படுறாரு, கடசியில உண்மையச் சொல்லிருவாருன்னு சொன்னேன்... சார்? இருக்கீங்களா சார்?"

மேடம், ட்ரேயப் பாருங்க. தண்டால் எடுக்குது. நெழல்லதான வச்சோம்? ரொம்ப நேரமாப் பேசிட்டேன்போல. தண்ணி சூடாயிருச்சு. மூச்சு முட்டுது அதுக்கு. மாத்துங்க மேடம், சீக்கிரம்.

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க? மேடம்? அங்க போகாதீங்க. அந்தக் கல்லு ஆடும்னு சொன்னேன்ல. மேடம், வேணாம், அம்மாகிட்ட வேணாம். நாளைக்கு... நானே... மேடம்! நில்லுங்க!

யாரு கொரல்ல கூப்பிட்டா நிப்பீங்க? சொல்லுங்க மேடம். எனக்கு எல்லாரு கொரலும் வரும்.